சேலத்து இரும்பு, ஷெஃபீல்டு கத்தி: ஒரே சொல்லால் எல்லாவற்றையும் இழந்த ஹீத் யார்?

பாக்கெட்டில் ஒரு மடக்குக் கத்தி வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா? நாமக்கல் லாரி கிளீனர் முதல் சேலம் மாந்தோப்புக் காவலாளி வரை பலருக்கும் உள்ள சந்தேகம் இது. தார்ப்பாய்க் கயிறு அறுக்க, மாங்காய் நறுக்க, குச்சிக்கிழங்கு தோல் சீவ என்று கத்திக்குத் தினமும் வேலை இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பதுதான் தெரியாது.

இதற்கான பதில் பெரும்பாலும் சட்டத்தில் இருக்கும் ஓரிரு சொற்களில்தான் அடங்கியிருக்கிறது. சட்டத்தின் ஒரு சொல் ஒரு மனிதரை எந்த அளவுக்குக் கவிழ்க்கும் என்பதற்கு, அதே கத்தி எஃகின் வரலாற்றிலேயே ஒரு உதாரணம் உண்டு. அவர் ஜோசியா மார்ஷல் ஹீத். சேலத்தில் வேலை பார்த்தவர். இங்கிலாந்தின் கத்தி நகரமான ஷெஃபீல்டின் தொழிலையே மாற்றியவர். கடைசியில் கோர்ட், கேஸ் என்று அலைந்து நொடிந்துபோனவர்.

யார் இந்த ஹீத்?

ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண சிவில் ஊழியர். சேலத்தில் கம்பெனியின் வணிகப் பிரதிநிதியாக இருந்தார். நெசவாளர்களிடம் துணி கொள்முதல் செய்து கப்பலுக்கு அனுப்புவதுதான் அந்தப் பதவியின் முக்கிய வேலை. இரும்பு அவருடைய துறையே இல்லை.

ஆனா அவருக்கு எதையும் கிட்டப் போய்ப் பார்க்கும் குணம் இருந்தது. பருத்தி சாகுபடியில் ஆர்வம் காட்டினார். பறவைகளையும் விலங்குகளையும் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார். அப்படி அவர் கண்ணில் பட்ட இன்னொன்று, சேலத்துக் கொல்லர்களின் உலை.

சேலத்தில் அவர் பார்த்தது என்ன?

சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கஞ்சமலை, காந்தம் ஒட்டும் கறுப்பு இரும்புத் தாது நிறைந்த மலை. அந்தத் தாதுவில் பாதிக்குப் பாதி வெறும் வெள்ளைக் கல் கலந்திருக்கும். கொல்லர்கள் அதை இடித்து, புடைத்து, கல்லைத் தனியாகப் பிரித்தார்கள். மூன்று முதல் ஐந்து அடி உயரமுள்ள மண் உலையில் கரியோடு சேர்த்துப் போட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் காற்று ஊதி இரும்பாக்கினார்கள்.

அடுத்த கட்டம்தான் ஹீத்தை அசர வைத்தது. அந்த இரும்பைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, களிமண் மூசையில் போடுவார்கள். கூடவே காய்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிப் போட்டு, மேலே எருக்க இலையை வைத்து மூடுவார்கள். மூசையின் வாயைக் களிமண்ணால் பூசி அடைத்துவிடுவார்கள். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் விடாமல் ஊதினால் உள்ளே எஃகு தயார். ஐரோப்பாவில் வூட்ஸ் என்று பெயர் பெற்றது இந்த எஃகுதான்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் இரும்பை எஃகாக்க நாள் கணக்கில் சூடேற்ற வேண்டியிருந்தது. இங்கே சில மணி நேரத்தில் முடிந்தது. காரணம், அடைத்த மூசைக்குள் ஆவாரங்குச்சியும் இலையும் கரிந்து வெளியிடும் வாயு. அதிலிருந்த கரிமம் இரும்புக்குள் வேகமாக ஏறியது.

1839-ல் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் இதழில் வெளியான கட்டுரையில் ஹீத் இதையெல்லாம் விரிவாக எழுதினார். டேவிட் மஷெட்டும் சார்லஸ் மேக்கின்டாஷும் பிரிட்டனில் தங்கள் கண்டுபிடிப்பு என்று காப்புரிமை வாங்கிய இரண்டு முறைகளின் அடிப்படையும், சேலத்துக் கொல்லர்கள் தலைமுறைகளாகச் செய்துவந்த வேலைக்குள் அடங்கியிருக்கிறது என்று காட்டினார். அந்தக் கொல்லர்களிடம் எந்தக் காப்புரிமையும் கிடையாது.

அவர்களுக்குப் பேர் இல்லாமலும் போகவில்லை. அருணாச்சலம் என்ற பெயர் பொறித்த சேலத்து வேட்டைக் கத்திகளையும் பன்றி வேட்டை ஈட்டிகளையும் 19-ம் நூற்றாண்டு ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் தேடி வாங்கினார்கள். பழைய ஆயுதங்களைச் சேகரிப்பவர்களிடம் இன்றும் அந்தக் கத்திகள் இருக்கின்றன.

பரங்கிப்பேட்டையில் என்ன நடந்தது?

இவ்வளவு நல்ல தாது இருக்கும்போது, பெரிய அளவில் இரும்பு எடுத்தால் என்ன? இந்தக் கேள்விதான் ஹீத்தின் வாழ்க்கையைத் திருப்பியது. 1825-ல் கம்பெனி வேலையை உதறினார். இங்கிலாந்து போய்த் தொழிலைப் படித்துத் திரும்பி, 1830-ல் கடலூருக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கினார். சென்னை மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு தயாரிக்கும் தனி உரிமையும் கம்பெனி அரசின் கடனும் அவருக்குக் கிடைத்தன.

தாது இருந்தது சேலத்தில். ஆலை இருந்தது சுமார் 200 கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரையில். காவிரியிலும் கொள்ளிடத்திலும் பரிசல்களில் ஏற்றித் தாதுவை அனுப்பினார்கள். சேலம் கருப்பூர் பக்கத்து வெள்ளைக்கல் மலையில் குரோமியத் தாது இருப்பதையும் ஹீத் கண்டுபிடித்து வெட்டியெடுத்தார். அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலேயே இரும்பு, எஃகோடு குரோமும் இருந்தது.

பரங்கிப்பேட்டை இரும்பு நல்ல தரம். இங்கிலாந்துக்கும் கப்பலேறியது. ஆனால் லாபம் வரவில்லை. நிலக்கரி கிடையாது என்பதால் எல்லாவற்றுக்கும் மரக்கரிதான். உலை பெரிதாகப் பெரிதாகக் காடு தூரமாகிக்கொண்டே போனது. கரி கொண்டுவரும் செலவும் ஏறியது. கொல்லரின் மூன்றடி உலைக்குப் போதுமான காடு, பெரிய ஆலைக்குப் போதவில்லை. ஹீத்தின் சொந்தப் பணமும் இதில் கரைந்தது. பேப்பூருக்கும் ஆலையை விரித்துப் பார்த்தும் தொழில் நிமிரவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு கைமாறிய நிறுவனமும் 1870-களுக்குள் மூடப்பட்டது.

ஷெஃபீல்டில் அவர் செய்தது என்ன?

கத்தி என்றால் அன்று உலகத்துக்கே ஷெஃபீல்டுதான். இறகுப் பேனாவைச் சீவுவதற்காக வந்த பேனாக்கத்தி, பாக்கெட்டில் மடக்கி வைக்கும் கத்தி, சாப்பாட்டு மேசைக் கத்தி எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பின. 1740-களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் அங்கே மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கொண்டுவந்திருந்தார்.

அதில் ஒரு சிக்கல். நல்ல எஃகு வேண்டுமென்றால் ஸ்வீடன் இரும்பைத்தான் வாங்க வேண்டும். விலை அதிகம். மலிவான பிரிட்டிஷ் இரும்பில் கந்தகம் இருந்ததால், சூடாக இருக்கும்போது அடித்தால் எஃகு விரிசல் விட்டது. அது மட்டும் இல்ல, வார்ப்பு எஃகைச் சாதாரண இரும்போடு ஒட்டவைப்பதும் கஷ்டம். மேசைக் கத்தியில் அலகு மட்டும்தான் எஃகு. கைப்பிடிக்குள் போகும் வால் பகுதி இரும்பு. இரண்டும் ஒட்டவில்லை என்றால் கத்தியே இல்லை.

ஹீத் கண்ட தீர்வு மாங்கனீஸ். உருகும் எஃகில் கொஞ்சம் மாங்கனீஸ் சேர்த்தால், அது கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜனையும் வெளியேற்றும். எஃகு விரிசல் விடாது, இரும்போடும் ஒட்டும். 1839 ஏப்ரலில் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

விளைவு உடனே தெரிந்தது. உள்ளூர் இரும்பிலேயே நல்ல கத்தி எஃகு செய்ய முடிந்தது. டன்னுக்கு 30 பவுண்டுக்கு மேல் விலை குறைந்ததாக அந்தக் காலத்துக் கணக்குகள் சொல்கின்றன. சாமானியர் கைக்கு எட்டும் விலையில் நல்ல கத்தி வந்ததில் ஹீத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று பெட்டிக்கடையில் வாங்கும் கத்தியின் எஃகிலும் மாங்கனீஸ் இருக்கிறது.

ஒரு சொல் எப்படி அவரைக் கவிழ்த்தது?

ஹீத் தன் காப்புரிமையில் குறிப்பிட்டிருந்தது, கார்ப்யூரெட் ஆஃப் மாங்கனீஸ் என்ற பொருளை. மாங்கனீசையும் கரியையும் முன்கூட்டியே சேர்த்துச் சூடாக்கித் தயாரிக்கும் பொருள் அது. தயாரிக்கச் செலவு அதிகம்.

கொஞ்ச காலத்தில் அவரே ஒரு சுருக்கு வழி கண்டார். அந்தப் பொருளைத் தனியாகத் தயாரிக்க வேண்டியதில்லை. மாங்கனீஸ் ஆக்சைடையும் கரிமம் தரும் தாரையும் நேராக மூசையில் போட்டாலே போதும். ரெண்டும் சேரும் வேலை உள்ளேயே நடந்துவிடும். இதை ஷெஃபீல்டில் தன் ஏஜென்ட்டாக இருந்த அன்வினிடம் நம்பிச் சொன்னார். அங்கேதான் வினை.

அன்வின் ஹீத்தை விட்டு விலகி, அதே வழியில் தானே எஃகு செய்யத் தொடங்கினார். ஷெஃபீல்டின் மற்ற முதலாளிகளும் அதையே பின்பற்றினார்கள். யாரும் ஹீத்துக்குப் பணம் தரவில்லை. அவர்கள் வாதம் இதுதான்: காப்புரிமையில் இருப்பது கார்ப்யூரெட், நாங்கள் போடுவது ஆக்சைடும் தாரும், சொல் வேறு, பொருள் வேறு. மூசைக்குள் போனதும் அது கார்ப்யூரெட்டாகத்தானே மாறுகிறது என்பது ஹீத்தின் பதில்.

வழக்கு கோர்ட் மாறி கோர்ட் போனது. பரங்கிப்பேட்டையில் பணத்தை இழந்தவருக்கு வழக்குச் செலவும் சேர்ந்தது. முடிவைப் பார்க்காமலே 1851-ல் ஹீத் இறந்தார். அவர் மனைவி வழக்கை விடவில்லை. 14 ஆண்டுக் காப்புரிமை 1853-ல் முடியும்போது, பிரிவி கவுன்சில் அதை மேலும் 7 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. நம்பிக்கை வந்தது.

1855-ல் பிரபுக்கள் சபையில் இறுதித் தீர்ப்பு. ஆலோசனை கேட்கப்பட்ட நீதிபதிகளில் பெரும்பான்மையினர் ஹீத் தரப்பில் நியாயம் இருப்பதாகவே கருதினார்கள். ஆனாலும் சபை, காப்புரிமையில் எழுதியிருக்கும் பொருளை மட்டுமே பார்த்தது. அன்வின் போட்டது அது இல்லை என்று முடிவு செய்தது. ஹீத் குடும்பம் தோற்றது.

பாக்கெட் கத்திக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஷெஃபீல்டு பரப்பிய மடக்குக் கத்தியைச் சட்டம் பார்க்கும் விதமும் இதே மாதிரிதான். எழுதியிருக்கும் சொல்லும், அதை கோர்ட் படிக்கும் விதமும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

பிரிட்டனையே எடுத்துக்கொள்ளலாம். 1988-ம் ஆண்டுச் சட்டப்படி, தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம். 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு. பூட்டிக்கொள்ளும் கத்தி பற்றி அந்தப் பிரிவில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் 1990-களின் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் மடக்கு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. எந்த நேரமும் சும்மா அழுத்தினாலே மடங்க வேண்டும், பட்டனை அமுக்கித்தான் மடக்க முடியும் என்றால் அது விலக்கில் வராது என்று சொன்னது. அலகு பூட்டிக்கொள்ளாத கத்தியை அங்கே பலரும் தேடி வாங்குவது இதனால்தான்.

இந்தியாவில் கதை வேறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் அடிப்படை. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்தி, வாள் போன்றவை விதிகளின் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைக்கப்பட்டவை அதில் சேராது. அருவாளோடு வயலுக்குப் போகிறவரைச் சட்டம் ஆயுததாரியாகப் பார்க்காததற்கு இந்த வரிதான் காரணம். சட்டத்தின் 4-வது பிரிவின்படி இத்தகைய ஆயுதங்களுக்கு லைசென்ஸ் கேட்பதும், மத்திய அரசு அறிவிக்கை செய்யும் பகுதிகளில்தான். பூட்டு உண்டா இல்லையா என்பதை இந்தச் சட்டம் கேட்கவில்லை.

நாமக்கல் லாரிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் டெல்லி. அங்கே 1980 அக்டோபர் 29-ல் வந்த அறிவிக்கை ஒன்று, பட்டன் கத்தி, ஸ்பிரிங் கத்தி, கரகரவென்று பல் விழுந்து பூட்டிக்கொள்ளும் கத்தி ஆகியவற்றைக் குறிவைத்தது. அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினாலே கட்டுப்பாடு. இதை வைத்துப் போலீஸ் கேஸ் போட்டதும் உண்டு. அப்படி ஒரு வழக்கை 2025-ல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. காரணம் மறுபடியும் சொற்கள்தான். விற்பனைக்காகவோ சோதனைக்காகவோ வைத்திருப்பதைத்தான் அறிவிக்கை சொல்கிறது. குற்றப்பத்திரிகையில் அப்படிக் குற்றச்சாட்டே இல்லை. சொல்லால் ஹீத் தோற்றார், சொல்லால் இவர் தப்பித்தார். ஆனா சுப்ரீம் கோர்ட் வரை போய்த்தான் தப்பிக்க வேண்டியிருந்தது.

அப்போ எந்தக் கத்தி வாங்கலாம்?

தினசரி வேலைக்குப் பூட்டு இல்லாத சாதாரண மடக்குக் கத்தியே போதும். அதன் முதுகில் ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கும். அதன் அழுத்தம்தான் அலகைத் திறந்த நிலையில் நிறுத்துகிறது. கையால் தள்ளினால் மடங்கிவிடும். குத்துவதற்கு இது லாயக்கில்லை, விரலைத்தான் பதம் பார்க்கும். வெட்ட, சீவ, அறுக்க மட்டுமே.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

• அலகு 3 அங்குலத்துக்குள், அதாவது 7.5 செ.மீ.க்குள் இருக்கட்டும். அகலம் ஒன்றரை செ.மீ. போதும். டெல்லி அறிவிக்கையின் அளவுக்கும் உள்ளேயே நிற்கும்.

• பட்டனை அமுக்கினால் பாய்ந்து திறக்கும் கத்தி வேண்டாம். அலகில் நகம் வைத்துத் திறக்கும் பள்ளம் இருப்பது நல்லது.

• பாதி திறந்து கையை எடுத்தால் அலகு தொளதொளவென்று விழக் கூடாது. பக்கவாட்டிலும் ஆடக் கூடாது.

• சாதாரண கார்பன் எஃகு எளிதில் கூர்மையாகும். ஆனால் மாங்காய்ப் புளிப்பு பட்டால் கறுக்கும், துடைக்காவிட்டால் துரு ஏறும். ஸ்டெயின்லெஸ் என்றால் அந்தக் கவலை குறைவு.

சின்னக் கத்தி என்பதால் எங்கும் கொண்டுபோகலாம் என்று அர்த்தம் இல்லை. விமானத்தில் கைப்பையில் அனுமதி கிடையாது, செக்-இன் லக்கேஜில் வைக்க வேண்டும். கோர்ட், ஓட்டு எண்ணும் மையம் மாதிரி சோதனை உள்ள இடங்களுக்குப் போகும்போது வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது. தடை உத்தரவு அமலில் இருக்கும்போது ஆயுதம் எடுத்துச் செல்ல அந்த உத்தரவே தடை விதிக்கலாம். அதே கத்தியால் ஒருவரைக் காயப்படுத்தினால், அலகு எத்தனை அங்குலமாக இருந்தாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-வது பிரிவு பாயும்.

ஹீத் விட்டுச் சென்றது என்ன?

ஹீத் கதை முடிந்த மறுவருடமே, 1856-ல், ராபர்ட் மஷெட் மாங்கனீசைப் பெசிமர் எஃகில் சேர்த்துக் காட்டினார். உலகம் முழுக்க எஃகு மலிவாக அதுவும் ஒரு காரணம். அவருடைய காப்புரிமையும் 50 பவுண்டு முத்திரைக் கட்டணத்தை நேரத்துக்குக் கட்டாததால் காலாவதியானது. ஹீத் சேலத்தில் தோண்டிய குரோமியம், 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி கையில் துருப்பிடிக்காத எஃகானது. அந்த எஃகு முதலில் போனதும் மேசைக் கத்திக்குத்தான்.

சேலத்தில் கொல்லர் உலைகள் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஒவ்வொன்றாக அணைந்தன. இறக்குமதி இரும்பு மலிவாக வந்தது. 1882-ம் ஆண்டு சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு கரிக்கு மரம் கிடைப்பதும் சிரமமானது. கஞ்சமலை அடிவாரத்துக்கு எஃகு மறுபடி வந்தது 1981-ல், சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியபோது. அதுவும் ஸ்டெயின்லெஸ் எஃகு.

எஃகு உலகில் ஹீத் பெயரை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். அது நிலைத்திருப்பது வேறொரு இடத்தில். அவர் காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து போன மஞ்சள் வயிற்று வௌவால் ஒன்றுக்கு, 1831-ல் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு அவர் பெயரைச் சூட்டினார். ஸ்கோட்டோஃபிலஸ் ஹீத்தி என்ற அந்த வௌவால், இருட்டியதும் நம்ம ஊர் கூரைகளிலிருந்து இப்போதும் பறந்து கிளம்புகிறது. ஆவாரங்குச்சி போட்டு எஃகு செய்த கொல்லர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் அந்த அளவுக்குக்கூட எங்கும் பதிவாகவில்லை.